கிரானைட் வெட்ட வாங்கிய ரப்பர் மாஸ்க், ஏழு மாதம் போட்டுப் பார்த்த பிறகு

கிருஷ்ணகிரி பக்கம் சின்னதாக ஒரு கிரானைட் பட்டறை வைத்திருக்கிறேன். சமையல் மேடை, படிக்கட்டு, வாசப்படி, இவ்வளவுதான் தொழில். பன்னிரண்டு வருஷம் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் கிரைண்டர் பிடித்தேன். சாயங்காலம் வெல்லமோ வாழைப்பழமோ தின்றால் தூசி இறங்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள், நானும் கிலோ கணக்கில் தின்றிருக்கிறேன். தின்பது வயிற்றுக்குப் போகிறது, தூசி போவது நுரையீரலுக்கு, இது அப்போது உறைக்கவில்லை.

உறைத்தது மாமாவால். குவாரியில் டிரில் அடித்தவர். இரண்டு தடவை டிபி மாத்திரை முழுசாகச் சாப்பிட்டும் மூச்சிரைப்பு போகவில்லை. மூன்றாவதாகப் பார்த்த டாக்டர்தான் "என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார். சிலிக்கோசிஸ். கல்லில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தழும்பாகிவிடும், அதை ஆற்ற மருந்து கிடையாது, போதாததற்கு டிபியும் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். அன்று ராத்திரியே இந்த மாஸ்க்கை ஆர்டர் போட்டேன்.

விலை 1,850 ரூபாய். மூக்கு வாய் இரண்டையும் மூடும் ரப்பர் கூடு, கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு ஃபில்டர். ஃபில்டர் பி100 வகை, மெஜந்தா நிறத்தில் இருக்கும், 99.97 சதவீதம் தூசியைப் பிடிக்கும் ரகம். ஜாக்கிரதை, முதலில் லோக்கல் கடைக்காரர் கறுப்புப் பட்டை போட்ட டப்பாவைத் தலையில் கட்டப் பார்த்தார். அது பெயின்ட், தின்னர் வாடைக்கு உள்ளது, வெறுமனே அதை மாட்டிக்கொண்டு கல் வெட்டினால் தூசிக்குப் பிரயோஜனமில்லை.

நல்லது என்ன என்றால், முன்பெல்லாம் சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் சிமெண்ட் கரைசல் மாதிரி வரும், இப்போது வருவதில்லை. ஆனால் முதல் வாரம் மட்டும் மாஸ்க்கைக் கழற்றியதும் மூக்கு ஓரமாக வெள்ளைக் கோடு இருந்தது. அந்த வழியாகத்தான் தூசி உள்ளே போயிருக்கிறது. மீடியம் சைஸை ஸ்மாலாக மாற்றியதும் கோடு போய்விட்டது. தினமும் இரண்டு ஃபில்டரையும் உள்ளங்கையால் பொத்தி மூச்சை இழுத்துப் பார்க்கிறேன், ரப்பர் முகத்தோடு அப்பிக்கொண்டால் சரி, இல்லையென்றால் பட்டையை இழுத்துக் கட்ட வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. வெயில் காலத்தில் தாடைக்கடியில் வியர்வை குளம் கட்டும், பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும். கண்ணாடி போடுகிறவர்களுக்கு ஆவி படியும். டீ குடிக்கும்போது ஸ்லாப் மேல் மல்லாக்க வைத்தேன், உள்பக்கமெல்லாம் மாவு. இப்போது அதற்கென்றே ஒரு டிபன் பாக்ஸ். கம்ப்ரசரால் ஊதி ஃபில்டரைச் சுத்தம் பண்ணுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம், பிய்ந்துபோகும். இழுக்கச் சிரமமானால் புது ஜோடி போட வேண்டியதுதான், 600 ரூபாய். அதுதான் வலிக்கிறது.

இன்னொன்று, மாஸ்க் வாங்கியாச்சு என்று தண்ணீர்க் குழாயை மூடிவிடாதீர்கள். பிளேடு மேல் தண்ணீர் விழுந்தால் தூசி கிளம்பும் இடத்திலேயே சேறாகிவிடும், பக்கத்தில் நிற்பவனும் தப்பிப்பான். மாஸ்க் உண்மையிலேயே தேவைப்படுவது பார்ட்டி வீட்டில், பெயின்ட் அடித்த சுவருக்குப் பக்கத்தில் தண்ணீர் விடாமல் சிங்க் ஓட்டை போடும்போது. அதுவும் இப்போது எல்லாரும் கேட்கும் குவார்ட்ஸ் ஸ்லாப் என்றால் இரண்டு மடங்கு கவனம்: கிரானைட்டில் சிலிக்கா மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும், அந்தச் செயற்கைக் கல்லில் பெரும்பாலும் 90 சதவீதத்துக்கு மேல். ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலையிலிருந்து தடையே போட்டுவிட்டார்கள். நான் அந்த ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிட்டேன், போன மாதம் இரண்டு பார்ட்டி கைவிட்டுப் போனது, போகட்டும்.

ஐந்துக்கு நான்கு ஸ்டார். ஒரு ஸ்டார் குறைத்தது ஃபில்டர் விலைக்காக. தாடி வைத்தவர்களுக்கு இது ஒத்துவராது, அதற்காக ஸ்டார் குறைக்கவில்லை, தாடிக்கு மாஸ்க் என்ன செய்யும்! தாடி இருந்தால் எந்த ரப்பரும் முகத்தில் ஒட்டாது, இடுக்கு வழியாகத் தூசி நேராக உள்ளே போகும். எங்கள் பட்டறைப் பையன் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறான், சவரம் பண்ண முடியாது. அவனைத் தண்ணீர் பாலிஷில் நிறுத்திவிட்டேன், அவன் மலைக்குப் போய் வரும்வரை ட்ரை கட்டிங் முழுக்க என் தலையில்.