அகதி ஆண்களின் மனச்சோர்வுக்கு 'ப்ராப்ளம் மேனேஜ்மென்ட் பிளஸ்' உதவுகிறதா?

உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட 'ப்ராப்ளம் மேனேஜ்மென்ட் பிளஸ்' ஆலோசனைத் திட்டத்தில் வாரம் ஒன்றாக 5 அமர்வுகள், ஒவ்வொன்றும் 90 நிமிடங்கள். நடத்துபவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. பயிற்சி பெற்ற சாதாரண மனிதரே போதும். சில அமர்வுகளில் மொழிபெயர்ப்பாளனாக உடனிருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

அகதியாக வந்த ஆண்கள் தமக்கு மனச்சோர்வு இருப்பதாக ஒப்புக்கொள்வது அரிது. தூக்கம் வரவில்லை, தலை பாரமாக இருக்கிறது, பிள்ளைகள்மீது எரிந்து விழுகிறேன் என்பார்கள். ஏன் என்று கேட்டால், புகலிட விண்ணப்பத்துக்குப் பதில் இல்லை, வேலை செய்ய அனுமதி இல்லை, தாய்க்குப் பணம் அனுப்ப வழியில்லை என்பார்கள். அந்த விளக்கத்தோடு மல்லுக்கு நிற்காமல், அதிலிருந்தே தொடங்குவதுதான் இத்திட்டத்தின் பெரும்பலம். பிரச்சினைகளைத் தீர்க்கக்கூடியவை, தீர்க்க முடியாதவை, முக்கியமற்றவை என்று பிரிக்கச் சொல்கிறார்கள். எல்லாமே விசாவால்தான் என்று சாதித்துக்கொண்டிருந்த ஒருவர், அப்படிப் பிரித்தபோது, திறக்கப்படாமல் பையில் கிடந்த வழக்கறிஞரின் கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். விசா அவர் கையில் இல்லை. கடிதத்துக்குப் பதில் எழுதுவது அவர் கையில் இருந்தது.

மெதுவாக மூச்சுவிடும் பயிற்சியைப் பலரும் மறுப்பின்றி ஏற்றார்கள். விட்டுப்போன அன்றாட வேலைகளைச் சிறிதுசிறிதாக மீண்டும் தொடங்கும் உத்தியும் நல்லதே. ஆனால் குடும்பத்தைத் தாங்கிய ஒருவரிடம், நாளைக் காலை முகச்சவரம் செய்துவிட்டு ஒரு சுற்று நடந்துவாருங்கள் என்று சொல்வதற்குத் தனிப் பக்குவம் வேண்டும். அது இல்லாத ஆலோசகரிடம் அவர் மறுவாரம் வரமாட்டார்.

பிறர் துணையை நாடச் சொல்லும் நான்காம் அமர்வுதான் எனக்கு நிறைவளிக்கவில்லை. தன் பாரத்தை இன்னொருவரிடம் இறக்கிவைத்தால் மரியாதை போய்விடும் என்று அஞ்சுபவருக்கு அது போதாது. குடியில் ஆறுதல் தேடுபவர்களுக்கும் மேலே சொன்ன நான்கு உத்திகளில் தனியாக எதுவும் இல்லை. நைரோபியிலும் பாகிஸ்தானின் சுவாத்திலும் நடந்த முக்கிய ஆய்வுகளில் பெண்கள் மட்டுமே பங்கேற்றார்கள் என்பதை நினைத்தால், ஆண்களுக்கேற்ற மாற்றங்கள் இன்னும் தேவை என்றே தோன்றுகிறது.

நான் கண்ட மையத்தில் அமர்வுகள் பகலில் நடந்ததால், கூலி வேலைக்குப் போகிறவர்கள் பாதியிலேயே நின்றுவிட்டார்கள். மாலை நேரமும், அவர்கள் மொழியே பேசும் ஆண் ஆலோசகரும் கிடைத்தால் தயங்காமல் பரிந்துரைப்பேன். தற்கொலை எண்ணத்தோடு தவிப்பவரை மட்டும் இந்த 5 வாரங்களை நம்பி விட்டுவிடாமல், அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.