போர்ட்ஸ்மத் 2007-08 ஜெர்சி, முதுகுல கனு 27: அஞ்சுக்கு மூணரை ஸ்டார்

மூணு வருஷமா தேடிட்டு இருந்த ஜெர்சி ஒருவழியா கைக்கு வந்துச்சு. இங்கிலாந்து ஃபுட்பால் கிளப் போர்ட்ஸ்மத்தோட ஹோம் ஜெர்சி, 2007-08 சீசன், நீலக் கலர், நெஞ்சுல ஓகி பிரிண்டர் கம்பெனி பேரு, கான்டர்பரி தச்சது, முதுகுல நைஜீரியா ஸ்ட்ரைக்கர் கனு பேரும் 27-ம் நம்பரும். பழைய ஜெர்சி மட்டும் விக்கிற ஒரு ஆன்லைன் கடையில வாங்கினேன், கடை பேரு வேணாம், ஏன்னு கீழ படிச்சா புரியும்.

மொதல்ல துணி. கான்டர்பரி அடிப்படையில ரக்பி ஜெர்சி பண்றவங்க, நியூசிலாந்துல ஆரம்பிச்ச கம்பெனி, அதனாலயோ என்னவோ துணி நல்லா கெட்டியா இருக்கு, இப்ப வர்ற ஜெர்சியெல்லாம் வெங்காயத் தோலு மாதிரி இருக்கே அப்படி கிடையாது. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் கலர் பெருசா வெளுக்கல, அக்குள் பக்கம் மட்டும் லேசா மங்கி இருக்கு, யாரோ இதைப் போட்டுக்கிட்டு நெசமாவே கத்தியிருக்காங்கன்னு நெனச்சுக்கிட்டேன். எல் சைஸ் வாங்கினேன், தோள்ல கரெக்ட்டா உக்காருது, தொப்பை இருந்தா ஒரு சைஸ் மேல போங்க. கிளப் சின்னம், அந்த நட்சத்திரமும் பிறையும், எம்பிராய்டரி. உள்பக்கம் திருப்பிப் பாத்தேன், தையல் சுத்தமா இருக்கு, நூல் தொங்கல. டூப்ளிகேட்ல இங்கதான் மாட்டிக்குவாங்க.

இப்ப குறை. கடைக்காரர் "எக்ஸலன்ட் கண்டிஷன்"னு போட்டு நாலு போட்டோ வச்சிருந்தார், நாலுலயும் அந்த 7-ஐ கிட்டத்துல காட்டவே இல்ல. பிரிச்சுப் பாத்தா 7-ஓட மேல்முனை தூக்கிட்டு நிக்குது, அதுக்கு முன்னாடி யாரோ கோந்து போட்டு ஒட்டப் பாத்திருக்காங்க, மஞ்சளா ஒரு கறை. ஓகி எழுத்துலயும் வெடிப்பு, அது வயசாச்சு, மன்னிச்சுடலாம், கோந்தை எப்படி மன்னிக்கிறது. மெசேஜ் போட்டேன், ரெண்டு நாள் கழிச்சு "பழைய சாமான்னா அப்படித்தான் சார், 15 பர்சென்ட் திருப்பித் தர்றோம்"னு பதில். வாங்கிக்கிட்டேன், இந்த 15 பர்சென்ட் விஷயத்துக்கு அப்புறம் வரேன்.

லிவர்பூல், மேன் யுனைடெட் எல்லாம் இருக்கும்போது இவன் எதுக்கு இதுக்குப் போய் இவ்ளோ காசு போட்டான்னு கேப்பீங்க. 2008 மே 17, லண்டன் வெம்ப்லி ஸ்டேடியம், இங்கிலாந்தோட பெரிய நாக்-அவுட் போட்டியான எஃப்ஏ கப் ஃபைனல், கார்டிஃப் கூட. 37-வது நிமிஷம் உட்டாகா வலது பக்கத்துலேர்ந்து பந்தைப் போட, கோல்கீப்பர் எங்கல்மன் புடிக்காம நழுவ விட, கனு அசால்ட்டா உள்ள தட்டினார். 1-0, மேட்ச் முடிஞ்சுது. அவருக்கு அந்த நீள நீளக் காலு, ஓடுறப்ப ஏதோ தூக்கத்துல நடக்குற மாதிரியே இருக்கும், ஆனா பந்து எங்க விழும்னு அவருக்கு மட்டும் முன்னாடியே தெரியும். செமிஃபைனல்ல வெஸ்ட் பிராம் மேலயும் அவர்தான், அதுவும் 1-0.

ஆனா எனக்கு அந்தக் கப்ல புடிச்ச மேட்ச் குவார்ட்டர் ஃபைனல்தான். ஓல்ட் டிராஃபர்ட், அந்த வருஷம் சாம்பியன்ஸ் லீக்கே ஜெயிச்ச மேன் யுனைடெட். பாதியிலேயே அவங்க கோல்கீப்பர் வான்டர்சாருக்கு அடி, வெளிய போயிட்டார், அப்புறம் வந்த குஷ்சாக் ரெட் கார்ட் வாங்கிட்டார், மாத்துறதுக்கு ஆளு இல்ல, டிஃபெண்டர் ஃபெர்டினாண்ட் கிளவுஸ் மாட்டிக்கிட்டு கோல்ல போய் நிக்குறார், முன்டாரி பெனால்டி போட்டு 1-0. டீமையும் பாருங்க, கோல்ல டேவிட் ஜேம்ஸ், கேப்டன் சால் கேம்பெல், டிஸ்டன், க்ளென் ஜான்சன், லசானா டியாரா, கிரான்ச்சார், கோச் ஹாரி ரெட்நாப். இருபதாயிரம் பேர் உக்கார்ற ஃப்ராட்டன் பார்க்ல இந்த டீம்!

சிக்கலே அங்கதான். விரலுக்கேத்த வீக்கம்னு சொல்லுவாங்கல்ல, இங்க விரலு இருபதாயிரம் சீட்டு, வீக்கம் ஐரோப்பா லெவல். கேட் கலெக்‌ஷன்ல இந்தச் சம்பளத்தைக் குடுக்கவே முடியாது, ஓனர் காய்டமாக் காசு போட்டும் கடன் வாங்கியும்தான் வண்டி ஓடுச்சு. 2008 நவம்பர்ல ஐரோப்பியப் போட்டி ஒண்ணுக்கு இத்தாலி கிளப் ஏசி மிலான் ஃப்ராட்டன் பார்க்குக்கே வந்தாங்க, போர்ட்ஸ்மத் 2-0 லீட், ரொனால்டினியோ ஃப்ரீ கிக்ல ஒண்ணு போட்டார், கடைசி நேரத்துல இன்சாகி ஒண்ணு போட்டு டிரா. உச்சின்னா அதான். அதுக்குள்ள ரெட்நாப் டாட்டன்ஹாம் போயாச்சு, காய்டமாக் கையை விரிச்சாச்சு, நல்ல பிளேயர்களை ஒவ்வொருத்தரா வித்துட்டே வந்தாங்க.

2009-10 சீசன் ஒண்ணுலயே நாலு ஓனர். காய்டமாக் கிட்டேருந்து துபாய் அல் ஃபாஹிம், ஆறே வாரத்துல அவர்கிட்டேருந்து சவுதி அல் ஃபராஜ், அவர் கிரவுண்டு பக்கம் வந்து பாத்தவங்க யாருன்னு தேடணும், அப்புறம் கடன் குடுத்த சைன்ராய் கைக்கே கிளப் போயிடுச்சு. பிளேயர்ஸ் சம்பளம் லேட்டு, வரி பாக்கி, வருமான வரிக்காரங்க கோர்ட்டுக்கே போயிட்டாங்க. 2010 பிப்ரவரி 26, நம்மூர் பாஷையில சொன்னா மஞ்சக் கடுதாசி குடுத்தாங்க. மொத டிவிஷனான பிரீமியர் லீக்ல இருக்கும்போதே இப்படி ஆன மொத கிளப் இதான். 9 பாயிண்ட் கட், ரெலிகேஷன், அதாவது கீழ டிவிஷனுக்கு இறக்கம். கூத்து என்னன்னா அதே சீசன்ல திரும்பவும் எஃப்ஏ கப் ஃபைனல் போனாங்க, செல்சி கிட்ட 1-0 தோத்தாங்க.

சரி, 15 பர்சென்ட்டுக்கு வரேன். கடன் கணக்கை எடுத்துப் பாத்தா 10 கோடி பவுண்டுக்கு மேல. அந்த லிஸ்ட்ல பெரிய பெரிய பேரெல்லாம் இருக்கு, நடுவுல செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ்னு ஒரு பேரு, மேட்ச்சுல யாருக்காவது மயக்கம் வந்தா ஸ்ட்ரெச்சர் தூக்கிட்டு ஓடி வர்ற தொண்டு நிறுவனம், அவங்களுக்கு சுமாரா 2,700 பவுண்டு பாக்கி. இதுல இங்கிலீஷ் ஃபுட்பால்ல ஒரு ரூல் இருக்கு, கிளப் திவாலானா மத்த கிளப்புக்கும் பிளேயருக்கும் தர வேண்டிய காசு முழுசா தரணும், இல்லன்னா லீக்ல இடம் கிடையாது. மத்த எல்லாருக்கும் ஒரு பவுண்டுக்கு 20 பென்ஸ்னு பேசி முடிச்சாங்க, அதையும் கொஞ்சங்கொஞ்சமா தர்றதா. கல்யாணத்துல பந்தி பிரமாதம், மாப்ள சைடுக்கு சீர் எல்லாம் கரெக்ட்டா போயிடுச்சு, சமையக்காரருக்கும் பாத்திரம் கழுவுன அம்மாவுக்கும் மட்டும் "அப்புறம் வாங்க". நான் போட்டிருக்கிற ஜெர்சி அந்தப் பந்தி ஜெர்சிதான். எனக்காவது கோந்துக்கு 15 பர்சென்ட் உடனே அக்கவுண்ட்ல ஏறுச்சு.

அதோட நின்னுதா, இல்ல. 2011-ல ரஷ்யாக்காரர் அன்டோனோவ் வாங்கினார், அதே வருஷம் நவம்பர்ல பேங்க் கேஸ்ல அவரைப் புடிச்சுட்டாங்க, 2012 பிப்ரவரில ரெண்டாவது மஞ்சக் கடுதாசி, 10 பாயிண்ட் கட், மூணாவது டிவிஷன். அந்தக் கோடையில சம்பளம் கட்ட வழியில்லாம சீனியர் பிளேயர் ஒருத்தர் கூட மிச்சமில்லாம அனுப்பிட்டாங்க, கனு உட்பட. அடுத்த சீசன்ல தொடர்ந்து 23 மேட்ச் ஒரு ஜெயிப்பு கூட இல்ல, இன்னொரு 10 பாயிண்ட் கட், நாலாவது டிவிஷன். வெம்ப்லியில கப் தூக்கி அஞ்சே வருஷம்.

2013 ஏப்ரல்ல கோர்ட்டு வாசல் வரைக்கும் போய் ஃபேன்ஸ் டிரஸ்ட் கிளப்பை வாங்குச்சு. தலைக்கு 1,000 பவுண்டு ஷேரு, ரெண்டாயிரம் பேருக்கு மேல போட்டாங்க, சில பேர் சேந்து ஒரு ஷேர் வாங்கினாங்க, கொஞ்சம் வசதியானவங்க கூடவும் போட்டாங்க. நாலாவது டிவிஷன் மொத மேட்ச்சுக்கு 18,000 பேரு வந்து உக்காந்து ஆக்ஸ்ஃபர்ட் கிட்ட 4-1 தோக்குறதைப் பாத்தாங்க. 2014-ல பழைய கடனெல்லாம் அடைச்சாச்சுன்னு கிளப் அறிவிச்சுது. 2017 மே 6, கடைசி நாள், மூணு டீம் பட்டத்துக்கு நிக்குது, போர்ட்ஸ்மத் செல்ட்டனமை 6-1 அடிச்சு, பிளைமத் கூட பாயிண்ட் சமம், கோல் வித்தியாசத்துல சாம்பியன். சீசன் பூரா டேபிள் டாப்ல இருந்தது அந்தக் கடைசி அரை மணி நேரம்தான்.

இதை எல்லாரும் ஃபேன்ஸ் ஜெயிச்ச கதைன்னு எழுதுறாங்க. பாதிதான் சரி. அதே வருஷம் ஃபேன்ஸே ஓட்டுப் போட்டு, டிஸ்னில முன்னாடி பெரிய தலையா இருந்த மைக்கேல் ஐஸ்னர் கிட்ட கிளப்பை வித்துட்டாங்க, கிட்டத்தட்ட 80 பர்சென்ட் ஆதரவு. துரோகம்னு சில பேரு இன்னும் பொலம்புறாங்க. எனக்கு அப்படித் தோணல, 1899-லேருந்து நிக்கிற கிரவுண்டு, ரிப்பேர் செலவே பாக்கெட்டைக் கிழிக்கும், ஆயிரம் ஆயிரமா போட்டவங்க கிட்ட எத்தனை தடவை திரும்பத் திரும்ப உண்டியல் குலுக்குறது? நானா இருந்தாலும் ஓட்டுப் போட்டிருப்பேன், போட்டுட்டு ரெண்டு நாள் தூங்கியிருக்க மாட்டேன். ஐஸ்னரும் காசை வாரி இறைக்கல, மெதுவாதான் போனார், 2024 ஏப்ரல்ல பார்ன்ஸ்லியை 3-2 ஜெயிச்சு, 89-வது நிமிஷம் ஷாக்னசி தலையால முட்டின கோல், மூணாவது டிவிஷன் சாம்பியன், ரெண்டாவது டிவிஷனான சாம்பியன்ஷிப்புக்கு ஏறிட்டாங்க.

ஜெர்சிக்கு வரேன். துணிக்கு அஞ்சு, தையலுக்கு அஞ்சு, பிரிண்டுக்கு ரெண்டு, கடைக்காரர் போட்டோவுக்கு ஒண்ணு. வாங்கலாமான்னா வாங்கலாம், ஆனா நம்பரை கிட்டத்துல போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிட்டு காசு போடுங்க. மெஷின்ல போடாதீங்க, பச்சத் தண்ணியில உள்பக்கம் திருப்பிக் கையால அலசுங்க, நேர் வெயில்ல காயப் போடாதீங்க. 7-க்கு, பேக்கிங் ஷீட் மேல வச்சு அயர்ன் பாக்ஸை கம்மி சூட்டுல பத்துப் பத்து செகண்டா அழுத்தினேன், முனை ஒட்டிக்கிச்சு, மஞ்சக் கறை போகல. தம்பி பாத்துட்டு "சாம்பார் கொட்டிட்டியா"ங்கிறான்.