ஆன்லைன் எம்.பி.ஏ. என்று 42,000 ரூபாய் போச்சு: சேலத்துக்காரர்கள் கவனத்துக்கு

ஐந்து ரோடு பக்கம் 'அட்மிஷன் சென்டர்' போர்டைப் பார்த்து மாடி ஏறப் போகிறவர்கள், ஏறுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். இன்று காலை என் கணக்கில் இருந்து மறுபடியும் 3,500 ரூபாய் எடுத்துவிட்டார்கள். மொத்தம் 42,000 ரூபாய்க்கு இந்தத் தவணை. படிப்பு என்று ஒன்றும் நடக்கவில்லை. சேரும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

சென்டர் பெயரைப் போடவில்லை, வக்கீல் நோட்டீஸ் வரும் என்று மிரட்டியிருக்கிறார்கள். கண்ணாடிக் கதவு முழுக்க வடநாட்டுப் பல்கலைக்கழகங்களின் லோகோ ஒட்டிய ஏ.சி. ரூம். அந்த வகையறா.

நான் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு பார்க்கிறேன். லீவு போடாமல் எம்.பி.ஏ. முடிக்கலாம் என்றுதான் போனேன். அங்கிருந்த பெண், "நானும் அம்மாபேட்டைதானுங்க அக்கா, எங்க வீட்லயும் தறிதான்" என்றாள். அவள் சொன்னதில் பாதி உண்மை, அதுதான் வயிற்றெரிச்சல். அனுமதி பெற்ற பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் பட்டம் நேரில் படித்த பட்டத்துக்குச் சமம் என்று 2022-லேயே யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சொல்லிவிட்டது. அந்தச் செய்தியைப் பிரிண்ட் எடுத்து லேமினேஷன் போட்டு வைத்திருக்கிறார்கள். அதைக் காட்டிவிட்டு, "தவணையில கட்டிக்கலாம், வட்டி கிடையாது. ஆதார் சரிபார்க்க ஒரு ஓடிபி வரும், சொல்லுங்கக்கா" என்றாள். சொன்னேன். கையில் ஒரு பையைக் கொடுத்து போட்டோ எடுத்தார்கள். "அம்மாவுக்கு அனுப்புங்க, சந்தோஷப்படுவாங்க" என்றாள். அந்தப் போட்டோவை இன்றைக்கும் அவர்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஓட்டுகிறார்கள். என் முகத்தை வைத்தே அடுத்த ஆளைப் பிடிக்கிறார்கள்!

அந்த ஓடிபி கடனுக்கு. ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் என் பெயரில் 42,000 ரூபாய் கடன் போட்டு, முழுப் பணமும் சென்டருக்குப் போய்விட்டது. மாதம் 3,500 வீதம் 12 மாதம் கட்ட வேண்டியது நான்.

வகுப்புக்கு ஒரு லாகின் கொடுத்தார்கள். உள்ளே போனால் மேல் மூலையில் என் பெயர் இல்லை, 'டெமோ ஸ்டூடண்ட் 3' என்று இருக்கிறது. யூடியூபில் சும்மா கிடைக்கிற வீடியோ நாலு, கோணலாக ஸ்கேன் செய்த நோட்ஸ், அவ்வளவுதான். யுஜிசி விதிப்படி வீடியோ, படிக்கும் பாடம், சந்தேகம் கேட்கும் இடம், சுயமாகத் தேர்வெழுதிப் பார்க்கும் பகுதி என்று நாலும் இருக்க வேண்டுமாம்.

ஃபோன் செய்தால் முதலில் "சர்வர் வேலை நடக்குதுங்க". அப்புறம் "அந்த மேடம் வேற பிராஞ்ச் போயிட்டாங்க". அப்புறம் "பரீட்சையைப் பத்தி கவலைப்படாதீங்க, நாங்களே பார்த்துக்குவோம்". நாங்களே என்றால்? நேரில் போனால் தண்ணீர் கொடுத்து உட்கார வைக்கிறார்கள், மேனேஜர் மட்டும் வருவதில்லை. என்னைச் சேர்த்ததாக இவர்கள் சொன்ன பல்கலைக்கழகத்துக்கே மெயில் போட்டேன். என் பெயரில் சேர்க்கையே இல்லையாம், ஏஜெண்ட் யாரையும் வைக்கவில்லையாம். பணத்தைத் திருப்பிக் கேட்டால் ரசீதின் அடியில் இருக்கும் பொடி எழுத்தைக் காட்டுகிறார்கள்: 'வழிகாட்டுதல் கட்டணம், திரும்பத் தரப்படாது'. 42,000 ரூபாய்க்கு என்ன வழி காட்டினார்கள்? ஃபைனான்ஸ் கம்பெனியோ, "காலேஜ் தகராறு எங்களுக்குத் தெரியாது மேடம், கட்டலைன்னா சிபில் ஸ்கோர் அடிபடும்" என்கிறது.

சரி, விவரமாக எழுதப் பொறுமை இல்லை. யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பல்கலைக்கழகம் மட்டுமல்ல, நீங்கள் சேரும் படிப்பும் அந்தப் பருவத்துக்கு அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். 2024 முதல் இந்தப் படிப்புகளில் சேர டெப் ஐடி (அந்தப் பிரிவின் தளத்தில் எடுக்கும் மாணவர் அடையாள எண்) கட்டாயம், அதை மாணவர்தான் உருவாக்க வேண்டும். அதைக் கேட்காமலே 'அட்மிஷன் ஆயிடுச்சு' என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பல்கலைக்கழகம் இந்தப் படிப்புகளை வெளியாட்களிடம் விட்டு ஃபிரான்சைஸ் வைத்து நடத்த விதியில் இடமே இல்லை. பணத்தைப் பல்கலைக்கழகக் கணக்கில் மட்டும் கட்டுங்கள். ஓடிபி எதற்கு என்று மெசேஜை முழுசாகப் படியுங்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். அதே மாடியில் பணம் கட்டியவர்கள் இருந்தால் ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள், சேர்ந்தே போவோம்.