ஒன்பது காட்சிகளோடு நின்றுபோன நாடகத்தின் இசைத்தட்டு

அந்த ஊரில் ஒரே ஓர் ஆலை. அங்கே தயாரான பொருள் எக்காலத்திலும் தேயாது. ஒருமுறை வாங்கியவர் மறுபடி வாங்க வரவே இல்லை. ஆலை மூடியது, ஊர் நொடித்துப்போனது. ஓர் அமெரிக்க இசைநாடகத்தின் சிடியோடு வந்த சிறு புத்தகத்தில் கதையை இதுவரை படித்துவிட்டுச் சற்று நேரம் மூடி வைத்துவிட்டேன்.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்தவள். ஒரே பொருளை நம்பிய ஊர் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்திலிருக்கும் கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர்க் கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது. ஊரே அதைப் பெருமையாகக் காட்டும். ஆனால் எங்கள் தோட்டத்தில் பால்மரம் ஒன்றுகூட மிச்சமில்லை. எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தது, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் காலியாயின, பெயர்த்தெடுக்க முடியாததால் மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது.

நான் எழுத வந்தது ‘எனிஒன் கேன் விசில்’ என்ற அந்த இசைநாடகத்தின் ஒலிப்பதிவைப் பற்றி. ‘விசில் அடிக்க யாருக்கும் வரும்’ என்று தலைப்புக்குப் பொருள் கொள்ளலாம். ஈப்போவில் இருக்கும் என் மகள் பழைய சிடி ஒன்றை வெளிநாட்டிலிருந்து தருவித்துக் கொடுத்தாள். அஞ்சல் செலவோடு 68 வெள்ளி (ரிங்கிட்). உறையின் ஒரு மூலை உடைந்து வந்தது. தட்டில் கீறல் இல்லை. ஓய்வு பெறும்வரை தமிழ்ப்பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவள் என்பதால் பாடல் வரிகளைப் பின்தொடர்வதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை.

பாடலும் இசையும் ஸ்டீபன் சோண்ட்ஹைம், கதையும் வசனமும் ஆர்தர் லாரண்ட்ஸ். பின்னாளில் ‘கம்பெனி’, ‘ஸ்வீனி டாட்’, ‘இன்டூ த வுட்ஸ்’ என்று எழுதி, புலிட்சர் பரிசும் ஆஸ்காரும் பெற்று, 2021-இல் மறைந்தபோது உலகமே துக்கம் கொண்டாடிய பாடலாசிரியர் சோண்ட்ஹைம். 1964-இல் அவருக்கு வயது 34. ஏப்ரல் 4 அன்று நியூயார்க்கின் மெஜஸ்டிக் அரங்கில் இந்த நாடகம் திறந்தது. ஒன்பதே காட்சிகள். ஏப்ரல் 11 அன்று திரை இறங்கிவிட்டது. அதற்கு முன் பிலடெல்பியாவில் வெள்ளோட்டம் விட்டபோதே தொல்லைகள் தொடங்கிவிட்டன. ஹென்றி லாஸ்கோ என்ற முக்கிய நடிகருக்கு மாரடைப்பு வந்து, வேறொருவரைப் போட வேண்டியதாயிற்று.

கதையை மேலும் சொல்கிறேன். வருமானம் இல்லாத ஊரில் பாறையிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. அற்புதம் என்று யாத்திரிகர்கள் பணத்தோடு வந்து குவிகிறார்கள். உண்மையில் பாறைக்குள் ஒரு பம்பு. மேயரம்மாளின் ஆட்கள் செய்த ஏற்பாடு. ஊரில் ஒரு மனநல விடுதி. அங்கே வேலை செய்யும் நர்ஸ் பே ஆப்பிள் 49 நோயாளிகளையும் அந்தத் தண்ணீருக்கு அழைத்து வருகிறாள். அவர்கள் குணமாகாவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடுமே! தடுக்கிறார்கள், நோயாளிகள் கூட்டத்தோடு கலந்துவிடுகிறார்கள். இனி யார் பைத்தியம், யார் யாத்திரிகர்? அதைப் பிரித்துச் சொல்ல ஹாப்குட் என்று ஒரு டாக்டர் வருகிறார். அவர் டாக்டர்தானா என்பது பிறகு தெரியும்.

‘சிம்பிள்’ என்ற பத்து நிமிடத்தைத் தாண்டும் பாட்டில் அவர் ஒவ்வொருவரையும் கேள்வி கேட்டு இரண்டு கூட்டமாகப் பிரிக்கிறார். எந்தக் கூட்டம் பைத்தியக்காரர்கள் என்று மட்டும் சொல்வதில்லை. மேடையில் அந்த அங்கம் முடியும்போது, நடிகர்கள் எல்லாரும் அரங்க நாற்காலிகளில் பார்வையாளர்களைப் பார்த்தபடி அமர்ந்து, அவர்களைப் பார்த்தே கைதட்டிச் சிரிப்பார்களாம். டிக்கெட் வாங்கி வந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! துணிச்சலான யோசனைதான். ஆனால் பொழுதுபோக்க வந்தவர்களை முதல் அங்கத்திலேயே பைத்தியம் என்றால், மிச்சம் இரண்டு அங்கங்களை அவர்கள் அன்போடு பார்ப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

நான் இந்தத் தட்டைத் திரும்பத் திரும்பப் போடுவது நான்கு பாடல்களுக்காக. ‘மீ அண்ட் மை டவுன்’ மேயரம்மாளின் பாட்டு. பாடுபவர் ஏஞ்சலா லான்ஸ்பரி; சினிமாவில் பெயரெடுத்திருந்த அவருக்கு இதுவே முதல் மேடை இசைநாடகம். ஊர் பட்டினி என்று ஒப்பாரி போலத் தொடங்கி, ஆண்கள் நால்வர் தாளம் சேர்க்க, கிளப்புப் பாட்டாகத் துள்ளி எழுகிறது. இங்கே சோண்ட்ஹைம் ஒரு நுட்பம் செய்கிறார்: போலி மனிதர்களுக்கு எல்லாரும் கேட்டுப் பழகிய மேடை மெட்டுகள், உள்ளதை உள்ளபடி சொல்பவர்களுக்கு மட்டும் புதிய மெட்டு. பொய்யானவர்கள் பாடும்போதுதான் காதுக்கு உடனே இனிக்கிறது. இது புரிந்த பிறகு முழுத் தட்டையும் மறுபடி முதலிலிருந்து கேட்டேன்.

‘எ பரேட் இன் டவுன்’ அதே மேயரம்மாள் பாடுவது. ஊர்வலம் போகிறது, தனக்காக இல்லை. தன் வீதியில் தன்னைத் திரும்பிப் பாராமல் கடந்து போகும் கூட்டத்தைப் பார்த்து நிற்கிறாள். அவளை வெறுக்க வேண்டிய நேரத்தில் நமக்குத் தொண்டை அடைக்கிறது.

தலைப்புப் பாட்டை நர்ஸ் பேயாக நடித்த லீ ரெமிக் பாடுகிறார். பயிற்சி பெற்ற பாடகியின் குரல் இல்லை. சில இடங்களில் நடுங்குகிறது. அந்த நடுக்கம் இல்லாவிட்டால் பாட்டே இல்லை என்பேன். கடினமானதெல்லாம் கைவருகிறது, எல்லாருக்கும் தானாக வருவதுதான் தனக்கு வரவில்லை என்று அந்தப் பெண் கேட்கிறாள். யாராவது கற்றுத்தர மாட்டீர்களா என்று அவள் முடிக்கும்போது என் பாட்டி நினைவுக்கு வந்தார். தோட்டத்தில் பையன்கள் பால்மரக் காட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு விசிலடித்துப் பேசிக்கொள்வார்கள். நான் உதட்டைக் குவித்தாலே பாட்டி வாயில் அடிப்பார். பெண்பிள்ளை விசிலடித்தால் வீட்டுக்கு ஆகாதாம். 64 வயதாகிறது, எனக்கு இன்றுவரை விசில் வராது.

நான்காவது ‘தேர் வோன்ட் பி டிரம்பெட்ஸ்’. நாடகம் திறக்கும் முன்பே இதை நீக்கிவிட்டார்கள். ஆனாலும் பதிவுக்கூடத்தில் பாடிப் பதிந்தார்கள். முதல் இசைத்தட்டில் சேரவில்லை, பின்னால் வந்த சிடியில் சேர்ந்தது. வாங்குபவர்கள் இந்தப் பாட்டு இருக்கும் பதிப்பா என்று உறையில் பார்த்து வாங்குங்கள்.

குறையும் இருக்கிறது. நோயாளிகளைத் துரத்திப் பிடிக்கும் பகுதி முழுக்க வால்ட்ஸ் தாளத்தில் நடனமாக அமைந்தது. இந்த நாடகத்துக்குக் கிடைத்த ஒரே டோனி நாடக விருதுப் பரிந்துரை ஹெர்பர்ட் ராஸின் நடன அமைப்புக்குத்தான். சிடியில் நடனம் ஏது? வெறும் இசையாக நீள்கிறது. கதையும் தட்டை மட்டும் கேட்பவருக்கு விளங்காது. கதை வேண்டுபவர்கள் 1995-இல் கார்னகி ஹாலில் நடந்த கச்சேரியின் பதிவைத் தேடலாம். அதில் லான்ஸ்பரியே கதை சொல்கிறார், பெர்னடெட் பீட்டர்ஸ் நர்ஸாகப் பாடுகிறார். குரல்வளம் அதில் அதிகம். எனக்கு 1964-இன் பதிவே போதும். அதற்குக் காரணம் இருக்கிறது.

நாடகம் நின்ற மறுநாள், வேலை இழந்த அதே நடிகர்களைக் கொலம்பியா நிறுவனத்தின் காடர்ட் லீபர்சன் பதிவுக்கூடத்துக்கு அழைத்து இதைப் பதிவு செய்தார். ஒரு வாரத்தில் மூடிய நாடகத்தின் இசைத்தட்டை யார் வாங்கப் போகிறார்கள்? அந்த மனிதர் பதிந்து வைத்தார். அந்தத் தட்டை வைத்துத்தான் இந்த நாடகம் உயிர் பிழைத்தது. கேட்டுப் பாருங்கள், தோற்றவர்கள் பாடுவதுபோலவா இருக்கிறது? லான்ஸ்பரி அன்று பாடியிருப்பதைப்போல ஒருவர் பாட, முந்தின இரவு மூடிய கதவை மறந்திருக்க வேண்டும்.

என் அப்பா பால்மரம் வெட்டியவர், அதாவது மரத்தைக் கீறி ரப்பர்ப் பால் எடுத்தவர். நாடகம் எழுதுவார், பாட்டும் கட்டுவார். 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த எத்தனையோ பேர் ரஜூலா கப்பலேறி இந்தியாவுக்குப் போனார்கள். எங்கள் லயத்திலேயே மூன்று வீடுகள் பூட்டப்பட்டன. அப்பா அதை நாடகமாக்கி, மறு வருடத் திருவிழாவில் மேடையேற்றினார். எனக்கு ஒன்பது வயது. முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்தேன். பெட்டி கட்டும் பாட்டு வந்ததும் பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். பின்னாலிருந்து சிலர் சினிமாப் பாட்டுப் பாடச் சொல்லிக் கூச்சலிட்டார்கள். திருவிழா நாளில் இப்படி அழவைக்கலாமா என்று பெரியவர்கள் மேடைக்கு ஏறி வந்தார்கள். பாதியில் விளக்கை அணைத்தாயிற்று. அப்பா அதற்குப் பிறகு நாடகம் எழுதவில்லை.

அந்த நாடகத்தின் பதினொரு பாட்டும் என்னிடம் இருக்கின்றன. சீனாங்கடையில், அதாவது சீனரின் மளிகைக் கடையில், கடன் கணக்கு எழுதும் 555 புத்தகத்தில் பென்சிலால் எழுதியவை. மற்ற தோட்டங்களின் நாடகப் பாடல்களில், மேலே இன்ன சினிமாப் பாட்டின் மெட்டு என்று குறித்திருப்பார்கள். அவற்றை இன்று எடுத்தாலும் பாடிவிடலாம். அப்பா மெட்டையும் தானே கட்டினார், எங்கும் குறித்து வைக்கவில்லை. வரிகள் இருக்கின்றன, பாட்டு இல்லை.

இந்தச் சிடி வந்த மறுவாரம், அப்பாவின் தங்கையைப் பார்க்கக் கைபேசியோடு போனேன். அத்தைக்கு 83 வயது. அந்த 555 புத்தகத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். பெட்டி கட்டும் பாட்டை முழுதாகப் பாடினார். இன்னொன்றில் பல்லவி மட்டும் வந்தது. மூன்றாவதற்கு வெகுநேரம் தொடையில் தாளம் தட்டிக்கொண்டிருந்தார்; தாளம் சரியாக விழுந்தது, மெட்டு வரவில்லை. அந்தத் தாளத்தையும் பதிந்து வைத்திருக்கிறேன்.