சோபா சுத்தம் செய்ய வருகிறவருக்குத் துணி தெரியுமா? புதுச்சேரியில் சில ஆண்டு அனுபவம்

முத்தியால்பேட்டையில், கடற்கரைக்கு நடந்தே போய்விடும் தூரத்தில் எங்கள் வீடு. 2017-இல் வாங்கிய துணி சோபா ஒரு செட் இருக்கிறது. அதற்கு வெகுகாலம் முன்பே வீட்டில் இருந்த பிரம்பு பின்னிய தேக்கு நாற்காலிகளும், அவற்றுக்கென்று தைத்த பருத்திக் குஷன்களும் இருக்கின்றன. இவற்றைச் சுத்தம் செய்ய இதுவரை பலரையும் வரவழைத்துவிட்டோம். செயலியில் பதிவு செய்து வந்தவர்கள், சுவரொட்டி பார்த்துக் கூப்பிட்டவர்கள், தெரிந்தவர் சொல்லி வந்தவர்கள் என்று எல்லா வகையும் உண்டு. வேலை முடிந்த அன்று மாலை எல்லார் வேலையும் பளிச்சென்றுதான் இருக்கும். வித்தியாசம் ஒரு மாதம் கழித்துத் தெரிய ஆரம்பிக்கும், ஒரு மழைக்காலம் தாண்டினால் நன்றாகவே தெரிந்துவிடும். அதனால்தான் இத்தனை காலம் பொறுத்து எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்ன மெஷின், எந்த நாட்டு ஷாம்பூ என்று விசாரித்துப் பயனில்லை. வருகிற ஆளுக்குத் துணியைப் பற்றி யாராவது உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களா, அதைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது நாங்கள் வழக்கமாகக் கூப்பிடும் தம்பி முதல் தடவை வந்தபோது வெகுநேரம் மெஷினை வெளியிலேயே எடுக்கவில்லை. குஷனைப் புரட்டி, அடியில் லேபிள் இருக்கிறதா என்று தேடினார். வெளிநாட்டுத் துணிகளில் சலவைக் குறியாக ஓர் எழுத்து போட்டிருப்பார்களாம். டபிள்யூ என்றால் தண்ணீர் கலந்த கரைசல் போடலாம். எஸ் என்றால் தண்ணீரே ஆகாது, ட்ரை க்ளீனிங் கரைப்பான் மட்டும்தான். இரண்டு எழுத்தும் சேர்ந்திருந்தால் இந்த இரண்டில் எதைப் போட்டாலும் தாங்கும். எக்ஸ் என்றால் வேக்குவம் போடுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நம் ஊர்க் குஷன் கடையில் சொல்லிச் செய்த சோபாவில் அதெல்லாம் எங்கே இருக்கும்? எங்களுடையதிலும் இல்லை. ஜிப்பைத் திறந்து உள்மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவினார், வாசலுக்கு எடுத்துப் போய்த் தீக்குச்சியில் காட்டினார். அது உருகிக் கறுத்து, கெட்டியான மணியாகத் திரண்டது. “பாலியெஸ்டர்தான் அக்கா. தண்ணி தாங்கும். எண்ணெயைத்தான் லேசுல விடாது” என்றார். நாற்காலிக் குஷனின் நூல் காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாக உதிர்ந்தது, அது பருத்தி. பட்டோ கம்பளியோ என்றால் முடி கருகுகிற நாற்றம் வரும். அந்த இரண்டிலும் காரத்தன்மை (அமிலத்துக்கு நேர்மாறானது, ஆல்கலி) அதிகமான சோப்பைப் போட்டால் இழையே கெட்டுப்போகும். ப்ளீச்சிங் திரவம் பட்டால் கரைந்தே போகும்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் ஏ.எஃப்.டி. துணி மில்லில் வேலை பார்த்தவர். 1898-இல் தொடங்கி, ரோடியர் மில் என்றும் ஊர் அழைத்த அந்த ஆலை 2020-இல் மூடப்பட்டுவிட்டது. அவர் நூலை விரலால் முறுக்கிப் பார்த்தே இது கலப்பா அசலா என்று சொல்லிவிடுவார். மில் சங்கு கேட்டு எழுந்த இந்த ஊரில் அப்படிப்பட்ட கைகள் நிறைய இருந்தன. அந்த அறிவு இன்றைக்குச் சோபா க்ளீனிங் வேலைக்கு வரும் பையன்களிடம் போய்ச் சேரவில்லையே என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

சரி, அந்தத் தம்பி அடுத்துச் செய்ததையும் சொல்ல வேண்டும். சோபாவின் பின்புறம் யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில் கரைசலைத் தடவி, வெள்ளைத் துணியை அழுத்தி வைத்துச் சாயம் இறங்குகிறதா என்று காத்திருந்து பார்த்தார். அப்புறம் ஈரமே படாமல் வேக்குவம், அதுவும் இடுக்கு இடுக்காக, மெதுவாக. கடலோரத்தில் இதற்கு இரட்டை அவசியம் உண்டு. நம் வீட்டுத் துணிகளில் பொடி மணலும் உப்பும் இருக்கும். மணலை எடுக்காமல் நனைத்தால் சேறாகி உள்ளே இறங்கிவிடும். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து, துணியை எப்போதும் பிசுபிசுப்பாகவே வைத்திருக்கும்.

தலை சாயும் இடத்தில் மாமனாரின் தேங்காய் எண்ணெய்க் கறை பழுப்பேறிக் கிடந்தது. பாலியெஸ்டர் எண்ணெயைப் பிடித்துவைத்துக்கொள்ளும் இழை. அந்தக் கறையும் நாள்பட்டால் எடுக்கக் கடினமாகிவிடும். அதற்கு மட்டும் தனிக் கரைப்பான் எடுத்தார். எடுப்பதற்கு முன் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, பூஜை விளக்கை மலையேற்றச் சொன்னார், அடுப்பையும் அணைக்கச் சொன்னார். அந்த ஆவி தீப்பிடிக்கும் என்பது அவருக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தது. இதே கரைப்பானை எரிகிற விளக்குக்கு அருகிலேயே தெளித்த வேறொருவரையும் எங்கள் வீடு பார்த்திருக்கிறது.

இனி மற்றவர்கள் கதை. ஒருமுறை சோபாவில் சாம்பார் சிந்தியது. வந்தவர் கறையைப் பார்த்ததும் காரத்தன்மையுள்ள ஷாம்பூவை ஊற்றித் தேய்த்தார். மஞ்சள் நிறம் அப்படியே சிவந்துவிட்டது. அந்தப் பையன் பயந்துபோய் இன்னும் ஊற்றினான், இன்னும் சிவந்தது. என் அம்மா பார்த்தவுடன், “ஆரத்தி கரைச்ச மாதிரி இருக்கேடி” என்றார். அதேதான் நடந்திருக்கிறது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கிறது, ஏனென்றால் மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரத்தில் நிறம் மாறும். பிறகு வந்த தம்பி நீர்த்த வினிகரை ஒற்றியெடுத்ததும் சிவப்பு போய் மஞ்சள் திரும்பியது. மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும் என்றார். குர்குமின் வெளிச்சத்தில் வெளுக்கும். ஜன்னலோரம் வைத்த குஷனில் சில நாட்களில் அந்த இடம் தேட வேண்டியதாகிவிட்டது. அந்தப் பையனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. கறைகளில் எதற்கு அமிலம், எதற்குக் காரம், எதற்குச் சுடுதண்ணீரே ஆகாது என்று அவனுக்கு ஒரு நாள் வகுப்பு எடுத்திருந்தால் போதும். காபிக் கறையைத்தான் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பாலும் இருக்கிறது. சூடு பட்டால் பாலின் புரதம் துணியிலேயே வெந்து ஒட்டிக்கொள்ளும்.

பெரிய சேதம் ஐப்பசியில் நடந்தது. தீபாவளிக்கு முன் வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று வேறொரு சேவையைக் கூப்பிட்டோம். சோபாவுக்குப் போட்ட அதே அளவு தண்ணீரைப் பருத்திக் குஷன்களுக்கும் பீய்ச்சினார்கள். உறிஞ்சும் குழாயை ஒரே இழுப்பில் முடித்துவிட்டார்கள். “நாளைக்குக் காஞ்சிடும் மேடம்” என்று கிளம்பிவிட்டார்கள். வெளியே வடகிழக்குப் பருவமழை. மேல்துணி தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தது, உள்ளே ஃபோம் ஊறிக் கிடந்தது. ஓரங்களில் டீ சிந்தினது போலப் பழுப்பு வளையங்கள் வந்தன, பின்னாலேயே பூஞ்சை வாடையும் வந்தது. பருத்தியும் சணலும் அளவுக்கு மீறி நனைந்து மெதுவாகக் காயும்போது, இழையில் இருக்கும் பழுப்புப் பொருள் தண்ணீரோடு மேலேறி, நீர் ஆவியாகும் இடத்தில் தங்கிவிடும். பயிற்சி பெற்றவர்கள் குறைந்த ஈரத்தில் வேலை செய்து, கடைசியில் மெல்லிய அமிலக் கரைசலால் அலசி, காற்றாடி வைத்துக் காய வைத்துவிட்டுத்தான் போவார்கள். ஈரம் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் போகாவிட்டால் பூஞ்சை பிடிக்க ஆரம்பிக்கும். நம் ஊர் மழைக்காலத்தில் மின்விசிறி மட்டும் அதற்குப் போதாது. ஏ.சி. இருந்தால் ட்ரை மோடில் போட்டு, குஷன்களைச் சுவரில் சாய்த்து நிறுத்த வேண்டும்.

இன்னொரு குறை சத்தமில்லாமல் வரும். சுத்தம் செய்து சில வாரங்களிலேயே சோபா முன்பைவிட அழுக்காகத் தெரியும். ஷாம்பூ முழுவதுமாக அலசப்படாமல் இழையில் தங்கியிருக்கும், பிசுபிசுப்பில் தூசு வந்து ஒட்டும். வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து கைப்பிடியில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நுரை வந்தால் அலசல் சரியில்லை. பணம் கொடுப்பதற்கு முன்பே நான் இதைச் செய்துவிடுகிறேன், யாரும் இதுவரை முகம் சுளித்ததில்லை.

இந்த வேலைக்கு எழுதிவைத்த தரம் இருக்கிறதா என்று தேடியபோதுதான் சுத்தம் செய்யும் தொழிலுக்குத் தரமும் சான்றிதழும் வகுக்கும் ஐ.ஐ.சி.ஆர்.சி. என்ற அமைப்பைப் பற்றித் தெரிந்தது. 1972-இல் அமெரிக்காவில் தொடங்கியது. துணி மெத்தை வகைகளைச் சுத்தம் செய்வதற்கென்றே எஸ்300 என்ற தர ஆவணம் வைத்திருக்கிறார்கள். இழையை அடையாளம் காண்பது, சோதித்துப் பார்ப்பது, கறை வகைகள், காய வைப்பது எல்லாம் அவர்களுடைய சான்றிதழ்ப் படிப்பில் உண்டு, முடிவில் தேர்வும் உண்டு. தொடர்ந்து பயிற்சி எடுத்தால்தான் சான்றிதழ் உயிரோடு இருக்கும். பிரிட்டனில் தரைவிரிப்பு சுத்தம் செய்பவர்களின் தேசியச் சங்கம் 1968 முதல் இருக்கிறது, அவர்களும் வகுப்பு நடத்துகிறார்கள். நம் நாட்டில் 2015-இல் வந்த பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் ஹவுஸ்கீப்பிங் பயிற்சி உண்டு. அதை முடித்த ஒரு பெண் எங்கள் வீட்டுக்கு வந்தார். தரை, கண்ணாடி, குளியலறை வேலையெல்லாம் அவ்வளவு நேர்த்தி. எந்த வேலைக்கு எந்த நிறத் துணி என்று பிரித்து வைத்திருந்தார். சோபா துணியைப் பற்றிக் கேட்டதும், அதை வேலையில்தான் கற்றுக்கொண்டதாகச் சொன்னார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடைச் சுவரில் மாட்டிய சான்றிதழ் நிறுவனத்துடையதாகவோ முதலாளியுடையதாகவோ இருக்கும். வீட்டுக்கு வருகிறவர் நேற்று வேலைக்குச் சேர்ந்தவராக இருக்கலாம். “இன்னைக்கு வர்றவங்க எங்க பழகினாங்க, எவ்வளவு நாளா செய்றாங்க?” என்று நான் நேராகவே கேட்டுவிடுகிறேன்.

அந்த ஐப்பசியில் வந்த பையன்களில் ஒருவனின் விரல்கள் தோலுரிந்து வெளுத்திருந்தன. கையுறை இல்லை. எந்த மருந்து எவ்வளவு தண்ணீருக்கு என்று எழுதின பாட்டிலும் இல்லை, மூடியால் அளந்து ஊற்றிக்கொண்டிருந்தான். கலவை கூடினால் என் துணி கெடுகிறது, அவனுக்குக் கை கெடுகிறது. பயிற்சிக்குச் செலவு செய்யாத முதலாளி மிச்சம் பிடிக்கும் காசு அந்தப் பையனின் தோலிலிருந்துதான் வருகிறது. இதைச் சொல்லாமல் ஷாம்பூவின் வாசனையைப் பற்றி மட்டும் விமர்சனம் எழுத எனக்குக் கூசுகிறது.

எங்கள் தம்பியின் பயிற்சி எவ்வளவு ஆழம் என்பதை ஃபெஞ்சல் புயலில்தான் பார்த்தேன். 2024 நவம்பர் 30 இரவு அது புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. ரெயின்போ நகரில் என் தங்கை வீட்டுக்குள் சாக்கடை கலந்த தண்ணீர் ஏறி, சோபாவின் இருக்கை வரை ஊறிவிட்டது. தண்ணீர் வடிந்ததும் அவரைக் கூட்டிக்கொண்டு போனோம். சுற்றிப் பார்த்தார், ஃபோமை அழுத்திப் பார்த்தார். “இதை க்ளீன் பண்ணித் தர மாட்டேன் அக்கா. மேல வாசனையா ஆக்கிடலாம். உள்ள போன சாக்கடைத் தண்ணிய எடுக்க முடியாது. குழந்தை இருக்கிற வீடு, தூக்கிப் போட்டுடுங்க” என்றார். மரச் சட்டத்தை மட்டும் கழுவிக் கிருமிநாசினி தடவிக் காய வைத்து, புதுக் குஷன் போடலாம் என்றார். அந்த வாரம் ஊரெல்லாம் அவருக்கு வேலை காத்திருந்தது. சரி என்று சொல்லியிருந்தால் காசு வாங்கியிருக்கலாம். அழுக்குத் தண்ணீரைத் தரம் பிரித்து, எதைக் காப்பாற்றலாம், எதைக் கைவிட வேண்டும் என்று கற்றுக்கொடுப்பதும் இந்தத் துறைப் படிப்புகளில் ஒரு பகுதி என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

கூலி விஷயம்: அவர் மற்றவர்களைவிடக் கூடுதலாகத்தான் வாங்குகிறார். மூன்று பேர் உட்காரும் சோபாவுக்கு அரை நாள் எடுத்துக்கொள்கிறார், ஒரு நாளைக்கு அதிகம் வீடு பிடிப்பதில்லை. எனக்கு அது நியாயமாகப் படுகிறது. முன்பு அடிக்கடி செய்ய வேண்டியிருந்த வேலை இப்போது வருடத்துக்கு ஒன்றோடு நிற்கிறது. இடையில் நாங்கள் செய்வது வாராவாரம் வேக்குவம், தலை வைக்கும் இடத்தில் ஒரு துண்டு, அவ்வளவுதான். ஜிப் இருக்கிறதே என்று உறையைக் கழற்றி வாஷிங் மெஷினில் போடுவதில்லை. அந்த ஜிப் ஃபோமை உள்ளே திணிப்பதற்காக வைத்தது. துவைத்துச் சுருங்கினால் திரும்ப மாட்ட முடியாது.

புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு யோசனை. தீபாவளிக்கும் போகிக்கும் முன்னால் சோபாவை நனைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரம், மார்கழியில் பனி. பண்டிகைக்கு வேக்குவம் மட்டும் போட்டு, கறை இருக்கும் இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். முழு ஈரச் சுத்தத்தை மாசி, பங்குனிக்குத் தள்ளி வையுங்கள். அந்த மாதங்களில் நல்ல ஆட்களுக்கும் அவ்வளவாக நெருக்கடி இருக்காது. நாங்கள் மாசியில்தான் கூப்பிடுகிறோம், காலையில் ஆரம்பித்தால் இரவுக்குள் உட்கார முடிகிறது.