கிராக் சிடி இல்லாத டிடிபி கடை: லினக்ஸுக்கு மாறிய அனுபவம்

திருவல்லிக்கேணியில் சின்ன டிடிபி (கம்ப்யூட்டரில் அச்சு வடிவமைப்பு) கடை நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், விசிட்டிங் கார்டு, கண்ணீர் அஞ்சலி, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, எப்போதாவது ஒரு கவிதைத் தொகுப்பு. கொரோனா ஊரடங்கெல்லாம் ஓய்ந்து முகூர்த்த ஆர்டர்கள் மறுபடி வரத் தொடங்கியபோது, விண்டோஸ் ஓடும் ஒரு மெஷினைத் தவிர மற்றதையெல்லாம் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாற்றினோம். வரைவதற்குக் கோரல் ட்ரா இருந்த இடத்தில் இங்க்ஸ்கேப், பக்கம் வடிவமைக்கப் பேஜ்மேக்கர் இருந்த இடத்தில் ஸ்க்ரைபஸ், படம் திருத்தும் போட்டோஷாப்புக்குப் பதில் கிம்ப், வேர்டுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ். பல சீசன் ஓடிவிட்டது. தொழிலில் இருக்கும் நண்பர்கள் "மாறலாமா, வேண்டாமா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்திரிகை, பில் புக், புத்தக லேஅவுட் வேலைக்குத் திரும்பிப் போகும் எண்ணம் எங்களுக்கு இல்லை. ஸ்டூடியோ ஆல்பம் வேலைதான் பிரதானம் என்றால் உங்களுக்கு இது ஒத்துவராது. போட்டோஷாப் ஃபைலான பிஎஸ்டி டெம்ப்ளேட்டை வைத்துத்தான் அந்தத் தொழிலே ஓடுகிறது. நடுவில் இருப்பவர்கள் மேலே படிக்கலாம்.

பூட்டை உடைத்த திருட்டு மென்பொருள், அதாவது கிராக், எங்கள் தெருவில் ரகசியமே கிடையாது. பர்மா பஜாரில் சிடி வாங்கிய காலம் ஒன்று. அப்புறம் ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணும்போதே "என்னென்ன சாஃப்ட்வேர் போடணும் சார்?" என்று கேட்டு, மொத்தத்தையும் போட்டுக் கொடுத்த காலம். இப்போது டெலிகிராம் லிங்க். 2004-ல் தமிழக அரசு குண்டர் சட்டத்தில் திருட்டு விசிடிக்காரர்களையும் சேர்த்தது. திருட்டு விசிடியை ஒழிப்போம் என்று அப்போது அடித்த போஸ்டர்களில் எத்தனை, ஒரிஜினல் கோரலில் வடிவமைக்கப்பட்டிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். ஒரு படம் ரிலீஸ் அன்றே நெட்டில் வந்துவிட்டால் கொதிக்கிறவர்கள், மென்பொருள் என்று வந்தால் அதைத் திருட்டுக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சட்டம் சேர்க்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில், தெரிந்தே திருட்டு மென்பொருளைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபாரத்துக்கு இல்லாமல் பயன்படுத்தியவரைச் சிறைக்கு அனுப்பாமல் விட நீதிமன்றத்துக்கு இடம் இருக்கிறது. கடை வைத்திருப்பவனுக்கு அந்தச் சலுகை கிடையாது.

ஆனால் நாங்கள் மாறியது சட்டத்துக்குப் பயந்து அல்ல, தெரிந்த ஒருவர் கடையில் நடந்ததைப் பார்த்து. திருட்டு மென்பொருளை ஒரிஜினல் போல ஓடவைக்கும் ஏதோ ஒரு ஆக்டிவேட்டரை இறக்கி ஓட்டியிருக்கிறார்கள். மறுநாள் காலையில் எல்லா ஃபைல்களுக்கும் வாலில் புதிதாக நாலு எழுத்து. எதுவும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் ஒரு குறிப்பு: மீட்க 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதி, 490. ஆடித் தள்ளுபடி மாதிரி! ஸ்டாப் என்கிற இந்த ரான்சம்வேர் (ஃபைலைப் பூட்டிப் பணம் பறிக்கும் வைரஸ்) குடும்பம் பரவியதே பெரும்பாலும் கிராக், போலிச் சாவி உருவாக்கும் கீஜென் வழியாகத்தான். தை முகூர்த்தத்துக்கு ப்ரூஃப் முடிந்த பத்திரிகைகள் அத்தனையும் அந்த மெஷினில் இருந்தன. கடைக்காரர் மாப்பிள்ளை வீட்டுக்கும் பெண் வீட்டுக்கும் போன் போட்டு, பேனாவால் திருத்தம் போட்ட பழைய ப்ரூஃப் தாள்களைத் திரும்ப வாங்கி, தாத்தா பாட்டி பெயரிலிருந்து மறுபடி டைப் அடித்தார். "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணுங்க" என்று அந்த கிராக்கிலேயே எழுதியிருந்ததாம். எல்லா கிராக்கிலும் அப்படித்தான் எழுதியிருக்கும், நாமும் அப்படித்தான் செய்வோம்.

காசு கொடுத்து ஒரிஜினல் வாங்கிவிடலாமே என்று முதலில் நானும் கணக்குப் போட்டேன். இடித்தது விலை மட்டுமல்ல, போட்டோஷாப்பை வாங்கி வைத்துக்கொள்ளும் வழியே போய்விட்டது. 2012-ல் வந்த சிஎஸ்6தான் ஒருமுறை காசு கட்டி நமதாக்கிக்கொள்ள முடிந்த கடைசி போட்டோஷாப்; 2013-ல் அடோபி இனி சந்தா மட்டும்தான் என்று அறிவித்துவிட்டது. சந்தாவிலிருந்து பாதியில் விலகினால் வாங்கும் கட்டணத்தை மறைத்து வைக்கிறார்கள் என்று 2024 ஜூனில் அமெரிக்க அரசே அந்த நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. எங்கள் தொழிலில் ஆடியும் மார்கழியும் ஈ ஓட்டும் மாதங்கள். கடை வாடகையே அப்போது கையைக் கடிக்கும். அதில் மென்பொருளுக்கும் வாடகையா?

இத்தனை வருடம் இந்தக் கம்பெனிகள் கிராக்கை ஏன் கண்டும் காணாமல் இருந்தன என்பதற்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1998-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களிடம் பேசும்போது பில் கேட்ஸ் சீனாவைப் பற்றிச் சொன்னார்: மென்பொருளுக்கு அங்கே யாரும் காசு கொடுப்பதில்லை, எப்படியும் திருடத்தான் போகிறார்கள் என்றால் நம்முடையதைத் திருடட்டும், பழகிப்போவார்கள், அடுத்த பத்து வருடத்தில் எப்படியாவது வசூலித்துக்கொள்ளலாம் என்று. ஒளிவுமறைவே இல்லாத பேச்சு. கிராக் போட்டுக் கம்பெனியை ஏமாற்றிவிட்டதாக நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். கம்பெனியோ சம்பளம் கொடுக்காமலே நம் கடையில் ஒரு பயிற்சிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தது. 2011-லிருந்து பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குத் தமிழக அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் இருந்தது. அதை உருவாக்கியது மத்திய அரசின் கணினி ஆய்வு மையமான சி-டாக், அதுவும் நம்ம சென்னைக் கிளை. பையன்கள் கடைக்கு வந்து, "அண்ணா, அந்த பாஸை எடுத்துட்டு இடத்தைக் காலி பண்ணிக் குடுங்க" என்பார்கள். பழக்கத்தின் பலம் அவ்வளவு.

சரி, பயன்பாட்டுக்கு வருவோம். தமிழ்தான் முதல் சோதனை. எல்லா மெஷினுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டில் 'கொ' என்று அடித்தால் கொம்பு முன்னால், கால் பின்னால் வந்து உட்கார வேண்டும். அந்த அடுக்கும் வேலையை மென்பொருள் சரியாகச் செய்யாவிட்டால் கொம்பு இடம் மாறிப் போகும், நடுவில் ஒரு புள்ளி வட்டம் முளைக்கும். இங்க்ஸ்கேப்பில் இந்தத் தொல்லையே இல்லை. ஒட்டினால் அப்படியே வரும். ஸ்க்ரைபஸின் பழைய 1.4 வரிசையில் தமிழ் உதவாது. 1.5 வரிசையில் சரிசெய்தார்கள், 2024 ஜனவரியில் வந்த 1.6-தான் நிலையான பதிப்பு. யாராவது "ஸ்க்ரைபஸ்ல தமிழ் வராது" என்று சொன்னால் அவர் பழையதைப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

அடுத்தது அச்சகம். பிரஸ்ஸுக்குப் போன் போட்டால் முதல் கேள்வி, "ஓப்பன் ஃபைல் குடுங்க சார், கோரல் 12-ல சேவ் பண்ணி." இங்க்ஸ்கேப், கோரலின் சிடிஆர் ஃபைலை ஓரளவு திறக்கும், ஆனால் சிடிஆராகச் சேமிக்காது. அதனால் பிடிஎஃப்தான் கொடுக்கிறோம். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. மாறுகிறவர்கள் இதை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் பயன்படுத்தும் இங்க்ஸ்கேப் பதிப்பில் நிறமெல்லாம் ஆர்ஜிபிதான், அதாவது திரைக்கான சிவப்பு, பச்சை, நீலக் கலவை. அங்கே கருப்பில் அடித்த எழுத்து அச்சுப் பிளேட்டுக்குப் போகும்போது நாலு கலரிலும் பிரிந்துவிடும். ரெஜிஸ்டர், அதாவது நாலு கலரும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது, ஒரு மயிரிழை தள்ளினாலும் போச்சு, எட்டு பாயின்ட் எழுத்தில் ழகரமும் றகரமும் நிழல் கட்டி நிற்கும். அதனால் பிள்ளையார், குத்துவிளக்கு, பார்டர் எல்லாம் இங்க்ஸ்கேப்பில் வரைந்து எஸ்விஜியாக ஸ்க்ரைபஸுக்குக் கொண்டுபோகிறோம்; எழுத்தை ஸ்க்ரைபஸிலேயே தனிக் கருப்பில் அடித்து, அச்சுக்கென்றே உள்ள பிடிஎஃப்/எக்ஸ் ஆக எடுக்கிறோம். ஆரம்பத்தில் முகத்தைச் சுளித்த பிரஸ்காரர் இப்போது மற்ற கடைகளிடம் "நீங்களும் இப்படியே குடுங்க" என்கிறார். ஃபான்ட் இல்லை, எழுத்தைக் கோட்டு வடிவமாக்கி கர்வ் பண்ணவில்லை என்று ராத்திரி பத்து மணிக்குப் போன் போடும் வேலை அவருக்கு மிச்சம்.

கிம்ப்பைப் பற்றி அவ்வளவு உற்சாகமாக எழுத முடியாது. பாஸ்போர்ட் போட்டோவுக்கும் பழைய படங்களைத் துடைத்து எடுக்கவும் தாராளமாகப் போதும். 2025 மார்ச்சில் 3.0 வந்த பிறகு, போட்ட எஃபெக்டைப் பின்னாலும் திருத்த முடிகிறது. அதுவரை இல்லாத வசதி. ஆனால் போட்டோஷாப்பில் வளர்ந்த கைக்கு ஒவ்வொன்றும் ஒரு இன்ச் தள்ளி இருக்கும்.

கடையின் சீனியர் ஆபரேட்டர் பாய்தான் பெரிய எதிர்க்கட்சி. பழைய டைப்ரைட்டர் முறையில் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பவர். "தமிழ்99 கீபோர்டு எல்லாம் எனக்கு இனிமே ஏறாது சார்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். லினக்ஸில் தமிழ் அடிக்க உதவும் ஐபஸ் எம்17என்-னில் தமிழ் டைப்ரைட்டர் விசைப்பலகையும் இருக்கிறது. அதை வைத்துக் கொடுத்ததும் பாதி சண்டை தீர்ந்தது. மீதிச் சண்டை ஷார்ட்கட்டுக்கு. இங்க்ஸ்கேப்பின் அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குள் கோரல் ட்ரா எக்ஸ்4 என்றே ஒரு தேர்வு வைத்திருக்கிறார்கள். அதைப் போட்ட அன்று பாய், "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றார். அதற்கு அப்புறம் அவர் முறைப்பது பிரிண்டரிடம் மட்டும்தான். பிரிண்டர் விஷயத்தில் முறைப்பு நியாயமானது: கடையில் இருந்த ஒரு பழைய லேசர் பிரிண்டரை லினக்ஸில் ஓடவைக்க எவ்வளவோ மல்லுக்கட்டி, கடைசியில் அதை அந்த ஒற்றை விண்டோஸ் மெஷினோடு கட்டிவிட்டோம். புதிதாக வாங்கும்போது லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அந்த ஒற்றை மெஷினுக்கு இன்னொரு வேலையும் உண்டு. எங்களிடம் காசு கொடுத்து வாங்கிய பழைய தமிழ் எழுத்துரு மென்பொருள் ஒன்று இருக்கிறது. பின்னால் டாங்கிள் என்ற சின்னப் பூட்டுக் கருவியைச் செருகினால்தான் ஓடும். டாங்கிள் செத்தால் எழுத்துருவும் செத்தது. தொண்ணூறுகளில் ஒவ்வொரு எழுத்துருக் கம்பெனியும் தமிழை அதற்குப் பிடித்த குறியீட்டில் அடைத்து விற்றது. அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் மணமகன் பெயர் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும். ஒரு கம்பெனியில் மாட்டிக்கொள்வது என்றால் என்னவென்று கற்றுக்கொடுத்தவர்கள் அமெரிக்காக்காரர்கள் அல்ல, நம்மூர்க்காரர்களே! 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் டாம், டாப் என்று எழுத்துருக் குறியீட்டுக்குத் தரம் வகுத்தார்கள். 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டது. இருந்தும் பத்திரிகைத் தலைப்புக்கு அந்தப் பழைய அலங்கார எழுத்துதான் வேண்டும் என்று வாடிக்கையாளர் நிற்கிறார். கவிவனார், பவனம், அரிமா மதுரை, பாலு தம்பி என்று இலவச யூனிகோடு எழுத்துருக்கள் நன்றாகவே வந்திருக்கின்றன. ஆனால் 'சுபமுகூர்த்த'த்துக்கு ஏற்ற அந்தக் கனமான வளைவு இன்னும் கிடைக்கவில்லை. இதுதான் என் பெரிய குறை.

பெரிய நிறுவனங்களின் அதிகாரம் பற்றிப் பேசினால் "அதெல்லாம் நம்ம கடைக்கு எதுக்கு சார்?" என்பார்கள். 2019-ல் அமெரிக்கத் தடை உத்தரவைக் காட்டி வெனிசுவேலா நாட்டுக் கணக்குகள் அத்தனையையும் முடக்கப்போவதாக அடோபி அறிவித்து, அப்புறம் பின்வாங்கியது. 2025 ஜூலையில் குஜராத்தில் ரிஃபைனரி நடத்தும் நயாரா எனர்ஜிக்கு, ஐரோப்பியத் தடையைக் காரணமாகச் சொல்லி மைக்ரோசாஃப்ட் சேவையை நிறுத்தியது. காசு கட்டிய வாடிக்கையாளர்தான் அவர்கள். டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகு சில நாட்களில் இணைப்பு திரும்பியது. ரிஃபைனரிக்கு வக்கீல் இருக்கிறார். பில் புக் அடிக்கிறவனுக்கு?

சின்ன அளவில் எல்லோரையும் தொட்டது 2025 அக்டோபர் 14. விண்டோஸ் 10-க்கு அன்றோடு ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி எங்கள் ரிச்சி தெரு செகண்ட் ஹேண்ட் மெஷின்களில் இல்லை. தெருவில் பலர் நல்ல கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டுவிட்டார்கள். எங்களுடையது அதே நாலாம் தலைமுறை ஐ5, எட்டு ஜிபி ராமோடு இன்றும் ஓடுகிறது. அந்த வகையில் மிச்சமான காசில் கொஞ்சத்தை ஆயுத பூஜை சமயத்தில், பொரி பழம் வாங்கும் கணக்கோடு சேர்த்து, இங்க்ஸ்கேப்புக்கும் கிம்ப்புக்கும் நன்கொடையாக அனுப்புகிறேன். யாரும் கேட்கவில்லை, அதனாலேயே கொடுக்கத் தோன்றுகிறது.

இப்போது புதிதாக ஒரு பேச்சு: அஃபினிட்டி என்ற டிசைன் மென்பொருள் இலவசமாகிவிட்டதே, அதைப் போட்டால் என்ன? 2024-ல் கேன்வா என்ற கம்பெனி அதை வாங்கியது, 2025 அக்டோபரில் இலவசமாக்கியது. நல்ல மென்பொருள்தான். லினக்ஸுக்கு இல்லை. இருந்தாலும் எனக்குத் தயக்கம் இருக்கும், 1998-ல் பில் கேட்ஸ் பேசியது மறக்கவில்லை.

மாற நினைக்கிறவர்கள் ஆடி பிறந்ததும் ஆரம்பியுங்கள். ஒரே ஒரு மெஷினில் மட்டும் போட்டு, பில் புக், விசிட்டிங் கார்டு மாதிரி சின்ன வேலைகளை அதில் தள்ளுங்கள். பழைய சிடிஆர் ஃபைல்களை எல்லாம் பழைய மெஷினிலேயே பிடிஎஃப்பாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இங்க்ஸ்கேப்பில் திறந்து சரிசெய்யலாம் என்று நம்பி உட்கார வேண்டாம், எழுத்து சிதறும், நிறம் மாறும். பழைய பேஜ்மேக்கர் ஃபைல் இருந்தால் லிப்ரே ஆபீஸ் ட்ராவில் திறந்து பாருங்கள், ஓரளவு வரும். ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள் ஒரு முழுப் பத்திரிகையை உள் கார்டு, கவரோடு போட்டு, உங்கள் பிரஸ்ஸில் ஒரு பிளேட்டாவது எடுத்துப் பார்த்துவிடுங்கள்.