மினுக்கும் சிவப்பு விளக்கு: ஒரு ஆடியோ ரெக்கார்டரோடு குடித்தனம்

ரிச்சி ஸ்ட்ரீட் கடை ஒன்றில் ரெக்கார்டரின் ஹெட்போன் ஜாக்குக்கு சால்டர் வைத்து வாங்கி வந்த அன்றே நண்பனிடமிருந்து போன். "நீ வச்சிருக்கிற ரெக்கார்டர் மாடல் விலை இறங்கியிருக்குடா, எங்க குறும்படத்துக்கு வாங்கிரட்டுமா?" ஒரு வார்த்தையில் பதில் சொல்ல வாய் வரவில்லை. பிராண்ட் பெயர் வேண்டாம். கையடக்கம், இரண்டு பென்சில் செல், தலையில் ஒரு ஜோடி மைக். வைத்திருப்பவர்களுக்கு விளக்கைப் பற்றிச் சொன்னதும் தெரிந்துவிடும்.

ஊரில் நடக்கும் குறும்பட விழாவுக்காகத்தான் இதை வாங்கினேன். எங்கள் படங்களில் நடிப்பது அத்தை, ரிட்டயர்டு கண்டக்டர் ஒருவர், தெருப் பையன்கள். தொழில்முறை நடிகர்களுக்கு டப்பிங் பழக்கம் உண்டு. அத்தையை மைக் முன்னால் நிறுத்தி, திரையில் ஓடும் தன் உதட்டுக்கே பேசச் சொன்னால் பத்திரிகை படிப்பதுபோல் ஒப்பிப்பார். நடிக்கும்போதே குரலைப் பதியும் லைவ் சவுண்டை விட்டால் எங்களுக்கு வேறு வழியில்லை.

சவுண்டில் குறையே சொல்ல முடியாது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் வைத்தால் ஒரு மணி நேர ஸ்டீரியோவுக்கு ஏறக்குறைய 1 ஜிபிதான் ஆகும். குரலின் உச்சம் மீட்டரில் மைனஸ் 12 டிபி (டெசிபல், ஒலி அளவு) பக்கம் நிற்கிறமாதிரி லெவல் வைத்துவிட்டால் அத்தை திடீரென்று கத்தினாலும் சவுண்ட் சுலபத்தில் உடையாது. மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். தூரம் இரண்டு மடங்கானால் குரல் 6 டிபி இறங்கிவிடும். பெயிண்ட் ரோலர் கம்பின் நுனியில் ரெக்கார்டரையே கட்டித் தலைக்கு மேலே பிடிக்கிறோம். ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் ஆஃப். பைக் சாவியை ஃபிரிட்ஜுக்குள் போட்டுவிடுவேன். திரும்ப ஆன் பண்ணாமல் வீட்டைவிட்டுக் கிளம்ப முடியாது பாருங்கள். ஆடி மாதத்தில் மட்டும் எந்த மைக்காலும் பயனில்லை. அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர்தான் எல்லா சீனுக்கும் பின்னணி இசை.

ரீசார்ஜ் செல் போடுபவர்கள் மெனுவில் பேட்டரி வகையை மாற்றிவிடுங்கள். 1.5 வோல்ட் ஆல்கலைனுக்கு வைத்த கணக்கு 1.2 வோல்ட் செல்லைப் பாதி தீர்ந்ததாகக் காட்டும்.

இப்போது அந்த விளக்கு. ரெக்கார்ட் பட்டனை ஒருமுறை அழுத்தினால் சிவப்பு விளக்கு மினுக்கும். மினுக்கினால் பதிவாகவில்லை என்று அர்த்தம்! ஸ்டாண்ட்பையாம், அதாவது தயார் நிலை. இன்னொருமுறை அழுத்தி, விளக்கு நிலையாக எரிந்தால்தான் பதிவு. பக்கத்தில் நிற்கும் என் கேமராவில் சிவப்பு மினுக்கினால் ஓடுகிறது, இதில் மினுக்கினால் ஓடவில்லை. ஒரே செட்டில் இரண்டு சட்டம். இதை வடிவமைத்த மனிதர் வெயிலில் கம்பைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஒருநாளாவது நின்றிருப்பாரா?

கண்டக்டர் ஐயா அழும் சீன். ஒரே டேக்கில் மனுஷன் நிஜமாகவே உடைந்துபோனார். கட் சொன்னதும் யாருக்கும் பேச்சு வரவில்லை. ரெக்கார்டர் கம்பைப் பிடித்த பையன்தான் மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, நம்பர் ஓடவேயில்லண்ணே." மறுபடி எடுத்தோம். ஐயா நடித்தார், அழவில்லை. விழாவில் போட்டது அந்த இரண்டாவது டேக்கைத்தான். முதல் டேக்கின் வீடியோ இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் ஊமையாகக் கிடக்கிறது. கேமராவின் சொந்த மைக்கில் தெருவில் போன தண்ணி லாரிதான் தெளிவாகக் கேட்கிறது.

அதற்குப் பிறகு எங்கள் செட்டில் "சவுண்ட்?" என்று கேட்டால் "ரோலிங்" என்று யாரும் சொல்லக்கூடாது. ரெக்கார்டர் திரையில் ஓடும் வினாடியைச் சொல்ல வேண்டும். "மூணு... நாலு" என்று குரல் வந்தால்தான் ஆக்‌ஷன்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டாண்ட்பையில் கார்டை நிரப்பாமல் ஹெட்போனில் கேட்டு லெவல் சரிபண்ணலாம். மெனுவுக்குள் ப்ரீ-ரெக் என்று ஒன்றும் உண்டு. அதை ஆன் பண்ணினால், ஸ்டாண்ட்பையில் இருக்கும்போது கடைசி 2 வினாடியைக் கருவி நினைவில் வைத்துக்கொண்டே இருக்கும். இரண்டாம் முறை அழுத்தியதும் அதுவும் ஃபைலில் சேர்ந்துவிடும். அத்தைக்கோ ஆக்‌ஷன் வரைக்கும் பொறுமை கிடையாது. போன வருடப் படத்தில் நாங்கள் தயாராகும் முன்பே தொண்டையைச் செருமிக்கொண்டு "ஏன்டா, சாப்பிட்டியா?" என்று ஆரம்பித்துவிட்டார். கேமராவில் அது இல்லை, ரெக்கார்டரில் முழுசாக இருந்தது. அந்தக் குரலை முந்தைய ஷாட்டில், பூட்டிய கதவின் மேல் போட்டோம். ஆள் தெரியும் முன்னே அத்தையின் குரல் வருகிறது. நடுவர்கள் பாராட்டியது அந்த ஒரு இடத்தைத்தான். திட்டமிட்டதா என்று கேட்டார்கள். சிரித்து வைத்தேன்.

ஆக, நான் திட்டும் அதே ஸ்டாண்ட்பைதான் அதையும் கொடுத்தது. தெரிகிறது. ஆனாலும் கோபம் ஆறவில்லை.

நண்பனுக்கு: வாங்காதே. உன் டீமில் சவுண்டுக்கென்று தனி ஆள் இல்லை. கொஞ்சம் கூடப் போட்டு 32 பிட் ஃப்ளோட்டில் பதியும் சின்ன ரெக்கார்டர் ஏதாவது பார். குரல் கூடினாலும் குறைந்தாலும் பிறகு எடிட்டிங்கில் சரிசெய்துகொள்ளலாம், லெவல் வைக்கும் தலைவலி பெரும்பாலும் இல்லை. ஆனால் கடையிலேயே ரெக்கார்ட் பட்டனை அழுத்தி, விளக்கு என்ன செய்கிறது, நம்பர் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடு. என்னுடைய ரெக்கார்டருக்கு நான் போடும் மதிப்பெண் 5க்கு 2. விழா வரைக்கும் உன்னுடையதைக் கொடு என்று மட்டும் கேட்காதே, அடுத்த வாரம் அத்தைக்கு ஷூட்டிங் இருக்கிறது.